கடைசிப் படகு போன பிறகு: டொக்டர்மார், த்ரில்லர், எங்கட தீவுகள்

நெடுந்தீவு வைத்தியசாலைக்குப் பின்னால் பழைய கோட்டை ஒன்றின் சிதைவுகள் கிடக்கின்றன. அதற்கங்கால் கடல். இரவில் ஒரு நோயாளியின் நிலைமை மோசமாகி, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேணும் என்றால் முதலில் படகு வேணும். கடல் நல்லா இருந்தால் குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கே நோயாளர் காவு வண்டி நிற்க வேணும். பிறகு புங்குடுதீவு, வாணர் தாம்போதி, வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் என்று தரைவழி. எழுவைதீவு, அனலைதீவு ஆட்களுக்கு ஊர்காவற்றுறைத் துறை. அவசரத்துக்குக் கடற்படைப் படகில் நோயாளியை ஏற்றிய செய்தியைப் பேப்பரில் எத்தனையோ தரம் வாசித்திருப்பீர்கள்.

ஒரு த்ரில்லருக்கு வேற என்ன வேணும்? நேரம் ஓடுது, கடல் கொந்தளிக்குது, உதவி தூரத்தில் இருக்கு, முடிவெடுக்க ஒரே ஒரு டொக்டர். வெளிநாட்டு எழுத்தாளர்கள் கற்பனையில் தேடிப் பிடிக்கிற சூழ்நிலை எங்கட தீவுகளில் சாதாரண புதன்கிழமை இரவு. ஆனாலும் தீவகத்தைக் களமாக வைத்து, வைத்தியம் தெரிந்த ஒருவர் எழுதிய ஒரு மருத்துவ த்ரில்லர் எங்கட புத்தக அலுமாரிகளில் இல்லை. ஏன் இல்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பழைய கதைகளுக்குள் போய் வருவம்.

நோயாளியை வாசிக்கிற கலை

டொக்டர்மார் கதை எழுதுவது புதினமில்லை. துப்பறியும் கதை என்ற வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோனதே ஒரு டொக்டர்தான். ஆர்தர் கொனன் டொயில் 1876இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அங்கே ஜோசப் பெல் என்றொரு ஆசிரியர். நோயாளி வாய் திறக்க முதலே, அவரின் நடையையும் கையையும் உடுப்பையும் பார்த்து என்ன தொழில் செய்கிறார், எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடுவாராம். அந்த மனுசனைப் பார்த்துத்தான் ஷெர்லொக் ஹோம்ஸ் பிறந்தார். படிக்கிற காலத்திலேயே, 1880இல், டொயில் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலில் கப்பல் டொக்டராகவும் போய் வந்தவர். பிறகு இங்கிலாந்தின் சவுத்சீயில் டிஸ்பென்சரி திறந்தார். நோயாளிகள் குறைவு, கதை எழுத நேரம் கூட. முதல் ஹோம்ஸ் நாவல் 1887இல் வந்தது. 1891இல் வந்த ஒரு கதையில், ஹோம்ஸ் துப்புத் துலக்கிய வழக்குகளில் ஒன்று திருகோணமலையில் நடந்ததாக ஒரு வரி போகும். எங்கட திருகோணமலைதான். அந்த வழக்கின் கதையை மட்டும் டொயில் கடைசிவரை எழுதவில்லை.

பெல் செய்தது மந்திரமில்லை. ஒவ்வொரு டொக்டரும் தினமும் செய்கிற வேலைதான் அது: அடையாளங்களை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது. எங்கட பக்கத்து உதாரணம் ஒன்று சொல்லலாம். நிலத்தில் பாய் விரித்துப் படுத்த ஒரு ஆள் விடியக்காலையில் வயிற்று வலி என்று எழும்புகிறார். வீட்டில் ஓமத்தண்ணி குடுக்கினம். உடம்பில் காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கண் இமை தானாகக் கீழே விழுகிறது, பேச்சு குழறுகிறது. அனுபவமுள்ள டொக்டர் வயிற்றைக் கவனிக்க முதல் அந்த இமையைக் கவனிப்பார். "ராத்திரி எங்கை படுத்தனீங்கள்?" என்று கேட்பார். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் நோவே இருக்காது, பல்லுப்பட்ட அடையாளமும் கண்ணுக்குத் தெரியாது. விஷம் நரம்புகளை மெதுவாக நிறுத்தும். கடைசியில் மூச்சும் நிற்கும். செயற்கைச் சுவாசம் குடுத்தால் ஆள் பிழைக்கலாம்.

இதில் துப்பறியும் கதைக்குரிய எல்லாம் இருக்கு. ஆளைத் திசைதிருப்பும் தடயம், உண்மையான தடயம், சரியான ஒரு கேள்வி, ஓடிக்கொண்டிருக்கும் மணிக்கூடு. இது தீவொன்றில் நடந்தால் நடுவில் கடலும் சேரும். பாம்புக்கடி மருந்தின் கதை இன்னும் சுவாரசியமானது. இலங்கையில் நெடுங்காலமாகப் பயன்படுவது இந்தியாவில், இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்து இறக்குமதியாகிற மருந்து. இங்கத்தைப் பாம்புக்கு அது எவ்வளவு நல்லா வேலை செய்யும் என்று இலங்கை டொக்டர்மார் பல வருசமாகக் கேட்டு வருகிறார்கள். பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு முழு நாவலே அந்தக் கேள்விக்குள் கிடக்கு.

ஒட்சிசன் குழாயைப் பார்த்தது யார்?

மருத்துவ த்ரில்லர் என்று இன்றைக்கு நாங்கள் சொல்லுகிற வகை அமெரிக்காவில் இரண்டு டொக்டர்மாரால் பெரிதானது. மைக்கல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டே புனைபெயரில் நாவல் எழுதினார். அதில் ஒன்று 1968இல் வந்தது. கருக்கலைப்பு சட்டவிரோதமாக இருந்த காலத்து பொஸ்டனில், அந்தக் குற்றச்சாட்டில் கைதான ஒரு டொக்டரை நண்பர் காப்பாற்றப் போகிற கதை. அடுத்த வருசம் அதற்குச் சிறந்த துப்பறியும் நாவலுக்கான எட்கர் விருது கிடைத்தது. ரொபின் குக் கண் டொக்டர். அமெரிக்கக் கடற்படையிலும் வேலை செய்தவர். அவரின் முதல் நாவல் 1972இல் வந்தது. பயிற்சி டொக்டர் ஒருவரின் ஒரு வருசத்தை உள்ளது உள்ளபடி சொல்லும் புத்தகம். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அதன்பிறகு அவர் நல்லா விற்ற த்ரில்லர்களை எடுத்து வைத்து, அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பாடப்புத்தகம் மாதிரிப் படித்தார். 1977இல் 'கோமா' வந்தது. அடுத்த வருசமே படமாகியது. இயக்கியவர் கிரைட்டன்!

'கோமா' ஏறக்குறைய ஐம்பது வருசப் பழைய புத்தகம், ரகசியத்தைச் சொன்னால் ஒருவரும் எங்களோடு கோவிக்க மாட்டினம். சின்னச் சத்திரசிகிச்சைக்கு வந்த ஆட்கள் நினைவு திரும்பாமல் கிடக்கிறார்கள். சூசன் என்ற மருத்துவ மாணவி ஏன் என்று தேடுகிறாள். ஒரு குறிப்பிட்ட சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒட்சிசன் குழாயோடு காபனோரொட்சைட்டு கலக்கப்படுகிறது. பின்னால் இருப்பது உடலுறுப்பு வியாபாரம். இந்தக் குழாயைக் கதைக்குள் கொண்டுவர, தியேட்டருக்குள் நின்று வேலை செய்த ஆளால்தான் முடியும். மயக்க மருந்து குடுப்பவர் எங்கே பார்ப்பார், எதைப் பார்க்கவே மாட்டார், கூரைக்கு மேலால் போகும் குழாய்களை யாரும் திரும்பிப் பார்க்கிறதே இல்லை என்பதெல்லாம் அங்கே நின்றவருக்குத்தான் தெரியும்.

வைத்தியத் தொழில் எழுத்துக்குத் தருவது இதைத்தான். நோய்களின் பெயர்களைக் கூகிளிலும் எடுக்கலாம். ஒரு வார்டில் இரவு இரண்டு மணிக்கு யார் முழித்திருப்பார், எந்தக் கதவு பூட்டாமல் கிடக்கும், தவறு நடந்தால் யார் யாரைப் பார்ப்பார் என்பதை அங்கே வேலை செய்து பார்த்தால்தான் எழுதலாம். குக்கின் இரண்டு புத்தகங்களுக்கும் இடையில் இன்னொரு பாடமும் இருக்கு. அனுபவம் இரண்டிலும் ஒன்றுதான். முதல் புத்தகத்தில் இல்லாத கதைக்கட்டு இரண்டாவதில் வந்தது. அனுபவம் இருந்தால் மட்டும் கதை தானாக வராது, கட்டுகிற வேலையைத் தனியாகப் பழக வேணும்.

கொழும்புக்கு வந்த ரஷ்ய டொக்டர்

தீவும் கப்பலும் நோயாளியும் சேர்ந்த கதைக்கு இன்னொரு டொக்டரைக் கூப்பிட வேணும். அன்ரன் செக்கோவ் 1890இல் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருந்த சகலின் தீவுக்குப் போனார். அது கைதிகளின் தீவு. மூன்று மாதம் நின்று, ஆயிரக்கணக்கான ஆட்களைச் சந்தித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை நிரப்பினார். திரும்பிப் போகிற கப்பல் இலங்கை வழியாக வந்தது. 1890 நவம்பரில் கொழும்பில் இறங்கிச் சில நாள் நின்றார், கண்டிக்கும் போய் வந்தார். அந்தப் பயணத்தில் கப்பலிலேயே இறந்த இரண்டு பேரைக் கடலில் போட்டதை அவர் பார்த்திருந்தார். அதிலிருந்து 'கூசெவ்' என்ற சிறுகதை வந்தது. கப்பலின் நோயாளர் அறையில் ஒரு சாதாரணச் சிப்பாய் மெல்ல மெல்லச் சாகிறதைச் சொல்லும் கதை. கொழும்பில் நிற்கும்போதே அதை எழுதத் தொடங்கினார், அந்த வருச முடிவிலேயே அச்சில் வந்தது.

'கூசெவ்' த்ரில்லர் இல்லை. கொலையாளி இல்லை, துப்பறிபவரும் இல்லை. ஆனாலும் வாசிக்க நெஞ்சு அடைக்கும். இந்த ஆள் இந்தக் கப்பலில் ஏற்றப்பட்டிருக்கவே கூடாது, கரை மட்டும் தாங்க மாட்டார் என்பது வாசகருக்குத் தெரியுது. 'யார் செய்தது' என்ற கேள்வியே இல்லாமல் 'போய்ச் சேருவாரா' என்ற கேள்வியால் மட்டும் ஒரு கதையை இழுத்துப் பிடிக்கலாம் என்பதற்கு நூற்றி முப்பது வருசத்துக்கு முந்திய சாட்சி இது. தீவக வாசகருக்கு இந்தக் கதை அந்நியமாகவே இருக்காது.

சொற்கள் எங்களிடம் இருந்தன

தமிழில் மருத்துவக் கதை எழுதச் சொல் இல்லை என்று சிலர் சொல்லுவினம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லக் கூடாது. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் எங்கட பெடியளுக்கு மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர், 1864இல் தமிழுக்கு மாறினார். 'பிரசவ வைத்தியம்' 1857இல், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல், 'கெமிஸ்தம்' 1875இல் என்று பாடநூல்கள் தமிழில் வந்தன. மொழிபெயர்ப்பில் அவரோடு நின்றவர்கள் அவரிடம் படித்த தமிழர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் தொடங்கியது 1978இல். அதற்கு நூறு வருசத்துக்கு முதலே மானிப்பாயில் உடற்கூற்றைத் தமிழில் படித்து டொக்டரானவர்கள் இருந்தார்கள்.

அந்தத் தமிழ் இப்ப வகுப்பறையில் இல்லை. ஆனாலும் வைத்தியசாலைக்குள் எங்கட ஆட்கள் கதைக்கிற ஒரு தமிழ் உயிரோடு இருக்கு. "கிளினிக் கொப்பி கொண்டந்தனீங்களா?", "பெரியாஸ்பத்திரிக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணிப்போட்டினம்", "மருந்து ஏறுது, நித்திரை கொள்ளட்டும்." சட்ட வைத்திய அதிகாரி, மரண விசாரணை அதிகாரி, மருத்துவமாது, தாதி என்று பதவிகளுக்கும் எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள் இருக்கு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இழுக்கிற மிதவைக்கு எங்கட சனம் வைத்த பெயர் 'பாதை'. பாதைக்காகக் காத்து நிற்கிறம் என்று ஒருவர் சொன்னால் வெளியூர் ஆளுக்குத் தலை சுத்தும். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு மொழி காணாது என்று சொல்ல ஏலாது.

எங்கட டொக்டர்மார் என்ன எழுதினார்கள்?

எழுதாமலும் இருக்கவில்லை. 'நந்தி' என்ற பெயரில் எழுதிய செ. சிவஞானசுந்தரம் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியர். அவரின் 'மலைக்கொழுந்து' தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பற்றிய நாவல். தி. ஞானசேகரன் தோட்டங்களில் வைத்தியராக வேலை செய்தவர். 1979இல் வந்த 'குருதிமலை' அந்த மக்களின் போராட்டத்தைச் சொல்லுது. பிறகு 'ஞானம்' சஞ்சிகையைத் தொடங்கியவரும் அவர்தான். கடலுக்கு அப்பால் 'லக்ஷ்மி' என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி, மருத்துவப் படிப்புச் செலவுக்காகவே பத்திரிகைக்குக் கதை எழுதத் தொடங்கியவர். 1984இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். அவரின் நாவல்கள் குடும்பத்தையும் பெண்களையும் பற்றியவை.

தமிழ் டொக்டர் பேனை எடுத்தால் சமூகத்தை எழுதினார். த்ரில்லரை எழுதியவர்கள் வேற தொழிலில் இருந்து வந்தார்கள். சுஜாதா பொறியியலாளர். அவரின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். எங்கட மொழியில் மர்மம் கோட்டுக்குப் போனது, பொலிஸுக்குப் போனது, ஆஸ்பத்திரிக்குப் போனது குறைவு.

தீவகத்துக்குத் திரும்புவம். நெடுந்தீவைத் தமிழ் நாவலில் நிலைக்க வைத்தது செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. அது 1978இல் படமாகவும் வந்தது. அவர் நிர்வாக அதிகாரி. தொழில் நிமித்தம் போன ஊர்கள்தான் அவரின் பல நாவல்களுக்கு நிலமாகின. தொழில் எழுத்துக்கு வழி காட்டும் என்பதற்கு அவரே உதாரணம். வைத்தியத் தொழிலில் இருந்து நாவலுக்கு வந்த தீவகத்தார் என்றால் எழுவைதீவில் பிறந்த நொயல் நடேசன். அவர் வைத்தியம் செய்தது மிருகங்களுக்கு. பேராதனையில் படித்து, பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போய் மெல்பேர்னில் வேலை செய்தார். 'வாழும் சுவடுகள்' அவரின் தொழில் அனுபவங்களின் தொகுப்பு. 'வண்ணாத்திக்குளம்' 83 கலவரத்துக்கு முந்திய பதவியாவில் ஒரு தமிழ் மிருக வைத்தியருக்கும் ஒரு சிங்களப் பெண்ணுக்கும் வருகிற காதலைச் சொல்லுது. 'அசோகனின் வைத்தியசாலை' முழுக்க முழுக்க மெல்பேர்ன் மிருக வைத்தியசாலை ஒன்றுக்குள் நடக்கிற நாவல். அங்கே வேலை செய்பவர்களின் போட்டியும் பொறாமையும் காதலும் எல்லாம் உள்ளே வரும்.

அந்தத் தலைப்பு சும்மா வந்ததில்லை. அசோகரின் இரண்டாவது பாறைக் கல்வெட்டு மனிதருக்கும் மிருகத்துக்கும் தனித்தனியாக வைத்திய ஏற்பாடு செய்ததைச் சொல்லுது. அந்த ஏற்பாடு போய்ச் சேர்ந்த நாடுகளின் பட்டியலில் சோழர், பாண்டியரோடு தாம்பபண்ணியும் இருக்கு. அது இலங்கைதான். இரண்டாயிரத்து இருநூறு வருசப் பழைய ஒரு கல்லில் எங்கட பக்கத்து வைத்தியத்தைப் பற்றி ஒரு வரி கிடக்கு.

எங்களுக்கு இதில் படுவது ஒன்று. ஒரு தீவுப் பிள்ளை ஒரு வைத்தியசாலையை நாவலுக்கான முழு உலகமாக எழுதினார். அந்த வைத்தியசாலை இருந்தது மெல்பேர்னில். அங்கே இருந்த நோயாளிகள் நாய், பூனை. ஏன் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்று இப்பிடி வரவில்லை?

த்ரில்லர் நம்புகிற இரண்டு விஷயம்

'கோமா' ஏன் பயமாக இருக்கு என்று யோசித்துப் பாருங்கோ. ஆஸ்பத்திரி என்றால் பாதுகாப்பான இடம் என்று வாசகர் ஏற்கெனவே நம்புகிறார். அந்த நம்பிக்கைக்குள் ஒரு ஓட்டை விழும்போதுதான் பயம் வருது. கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி பிடிபடுவார், சட்டம் தன் வேலையைச் செய்யும் என்ற நம்பிக்கையும் பின்னால் நிற்குது. இந்த இரண்டும் இல்லாமல் அந்த வகை நாவல் நடக்காது.

எங்கட ஊரில் இந்த இரண்டும் உடைந்தன. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவில் இருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தை உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தீவு ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோன படகு அது. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்திய இராணுவம் நுழைந்தது. நோயாளிகளும் ஊழியர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள் காலை, கையை உயர்த்தியபடி தாதியரோடு வெளியே வந்த சிறுவர் நோய் நிபுணர் சிவபாதசுந்தரம் சுடப்பட்டார். இதற்கும் ஒரு வழக்கு முடிவு இல்லை. ஒவ்வொரு வருசமும் அந்த வைத்தியசாலையில் நினைவுகூரல் நடக்குது.

இதைப் பார்த்தவர்கள் எப்படி ஒரு 'கோமா' எழுதுவார்கள்? ஆஸ்பத்திரிக்குள் ஒளிந்திருக்கும் மர்மக் கொலையாளியைக் கற்பனை பண்ணுவதற்குத் தேவையே இருக்கவில்லை. ஆபத்து முன்வாசலால் வந்தது. செய்தது யார் என்று எல்லாருக்கும் தெரிந்தும் இருந்தது. தெரிந்ததைச் சொல்லுவதுதான் ஆபத்தாக இருந்தது. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம அதைச் செய்தார். எல்லாத் தரப்பின் வன்முறையையும் பதிவு செய்த 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். நோயை வாசிக்கப் பழகிய ஒரு டொக்டர் தன் சமூகத்தை வாசித்துப் பெயர் சொல்லி எழுதியதற்குக் கிடைத்த முடிவு அது.

ஆகவே எங்கட டொக்டர்மாருக்குக் கற்பனை காணாது என்று சொல்லுகிறவர்களோடு நாங்கள் ஒத்துப்போக மாட்டம். அவர்கள் வேலை செய்த காலம் அந்த வகை நாவலுக்கு இடம் குடுக்கவில்லை. செம்மணியில் 1999இல் 15 எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025இல் அதே செம்மணிப் பக்கத்தில் மறுபடி தோண்டத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. எலும்பைப் பார்த்து வயசையும் காயத்தையும் சொல்லுகிற சட்ட வைத்தியம் மேல்நாட்டு நாவல்களில் பொழுதுபோக்கு. இங்கே வெளியில் ஒரு தாய் நிற்கிறார், அந்தப் பதிலுக்காக.

சின்ன ஊரில் பெரிய ரகசியம்

இன்னொரு தடையும் இருக்கு, அது போரோடு சம்பந்தப்படாதது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது வைத்தியத்தின் பழைய சத்தியம். இலட்சக்கணக்கான ஆட்கள் உள்ள பொஸ்டனில் பெயரையும் வயசையும் மாற்றினால் ஆளைக் கண்டுபிடிக்க ஏலாது. நெடுந்தீவில் சில ஆயிரம் பேர்தான். எழுவைதீவில் இன்னும் குறைவு. எந்தக் கிழமை யாரைப் படகில் ஏற்றினது, யாரின்ர மகள் ஏன் யாழ்ப்பாணத்தில் ஒரு மாதம் நின்றவள் என்று இறங்குதுறையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். ஒரு டொக்டரோ மருத்துவமாதுவோ ஒரு உண்மைச் சம்பவத்தைக் கதையாக்கினால், பெயரை மாற்றினாலும் அடுத்த நாளே ஊர் ஆளைப் பிடித்துவிடும். கிரைட்டன் புனைபெயரால் தன்னை மறைத்தார். எங்கட ஊரில் எழுதுபவர் மறைக்க வேண்டியது நோயாளியை. நோயாளி பூனை என்றால் இந்தச் சிக்கல் கொஞ்சம் லேசு!

இதற்கு வழி இருக்கு. பத்துப் பேரின் கதையை எடுத்து ஒருவராக்கலாம், வருசத்தை மாற்றலாம். தொழிலின் நுணுக்கத்தை அப்படியே வைத்து ஆட்களை முழுக்கக் கற்பனையாக உருவாக்கலாம். கட்டுவிரியன் கடித்தவரின் இமை எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் விழும், அது ஒருவரின் ரகசியமில்லை. அந்த இமையை வைத்துக்கொண்டு ஆளைப் புதிதாகப் படைக்கலாம். சம்பவத்தை விட்டுவிட்டு அறிவை எடுத்துக்கொள்ளுவது என்று இதைச் சொல்லலாம்.

இனி யார்?

தீவக வைத்தியத்தின் கதையை டொக்டர்மார் மட்டும் சுமக்கவில்லை. டொக்டர்மார் இடமாற்றம் வந்தால் போய்விடுவினம். மருத்துவமாது, தாதி, மருந்து கட்டுகிற ஐயா, படகோட்டி, விஷகடி வைத்தியர் ஆகியோர் வருசக்கணக்காக அங்கேயே நின்றார்கள். 1990களில் தீவுகள் வெறிச்சோடிய காலத்தில் மருந்தில்லாமல், மின்சாரமில்லாமல் பிள்ளைப்பேறு பார்த்தவர்களுக்கு இப்ப வயசு போகுது. சிலர் கனடாவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கினம். அவர்களின் கைக்குத் தெரிந்தது எந்தப் பாடநூலிலும் இல்லை. எழுத்தில் வராமல் போனால் அது அவர்களோடேயே போய்விடும்.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்குக் கதைக்கட்டுத் தெரியும், சத்திரசிகிச்சைக் கூடம் தெரியாது. மருத்துவ பீடத்தில் படிக்கிற எங்கட நண்பர்களுக்கு அந்தக் கூடம் தெரியும், எழுத நேரமில்லை. ரெண்டு பக்கமும் ஒரு தேத்தண்ணியோடு இருந்து கதைத்தால் ஒரு நாவலுக்கான முதல் அத்தியாயம் வரும். அது 'கோமா' மாதிரி இருக்க வேண்டிய அவசியமில்லை. எங்கட த்ரில்லரில் வில்லன் ஒரு ஆளாக இல்லாமல் ஒரு தூரமாக இருக்கலாம். குற்றவாளி கடைசி வரை பிடிபடாமல் போகலாம். செக்கோவின் சிப்பாயைப் போல, கரை சேருவாரா என்ற ஒரு கேள்வியே முந்நூறு பக்கத்துக்குப் போதும். வாசகர் கடைசிப் பக்கத்தை மூடும்போது 'யார் செய்தது' என்பதற்குப் பதிலாக 'ஏன் இந்தக் கடலைத் தாண்ட இன்னும் ஒரு மணித்தியாலம் எடுக்குது' என்று கேட்டால், அந்த நாவல் தன் வேலையைச் செய்துவிட்டது.

உங்கட வீட்டில் தீவுப் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு அன்ரியோ பெரியப்பாவோ இருந்தால் இந்த விடுமுறையில் பக்கத்தில் இருந்து கேளுங்கோ. பெயர்களைக் கேட்காதேங்கோ. கை என்ன செய்தது, கண் எதைப் பார்த்தது, காற்று எந்தப் பக்கம் அடிச்சது என்று கேளுங்கோ. நாவல் வந்தால் விமர்சனம் எழுத நாங்கள் ரெடி.